ஒரு நெருப்புக்குச்சியின் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் வேலெடுத்துப் புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரை, கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடந்து, ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் போய்ச் சேர்கிறது. அதே குடாநாட்டிலுள்ள தெல்லிப்பழைக்காரருக்குத் தொண்டைமானாறு எட்டாத தூரமில்லை. வழியில் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று ஊர் ஊராகக் கோயில்களும் அன்னதானமும் இருப்பதால் பெரும்பகுதிப் பயணத்தில் அடுப்பைப் பற்றிய கவலை இல்லை. உகந்தை முருகன் கோயிலைத் தாண்டிக் குமணக் காட்டுக்குள் கால் வைத்ததும் நிலைமை மாறுகிறது. யால காடு முடியும்வரை கடை கண்ணி கிடையாது. கொண்டுபோன அரிசியைச் சோறாக்குவது கையில் இருக்கும் நெருப்பும் கிடைக்கும் சுள்ளியும்தான். பாதயாத்திரைக்காரர் ஒருபுறம் இருக்க, மண்ணித்தலை மணலிலோ மலைநாட்டுக் குளிரிலோ கூடாரம் அடித்து இரவு தங்கிவரும் இளைஞர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். அவர்களுக்காகவே ‘தீமூட்டும் பொதி’ என்று அழகான பைகளில், சுரண்டினால் பொறி பறக்கும் பொறிக்கோல், திசைகாட்டி, சிறு கத்தி எல்லாம் சேர்த்து இணையத்தில் விற்கிறார்கள். அந்தப் பைகளைத் திறந்து பார்த்தால் ஒன்று விளங்கும்: கொடுத்த காசில் பெரும்பங்கு பொறி உண்டாக்கும் கருவிகளுக்கே போயிருக்கும். வெளியிடங்களில் நெருப்பு மூட்ட முடியாமற் போவதற்குப் பொறி கிடைக்காதது அபூர்வமாகத்தான் காரணமாகிறது. பொறி விழுந்த இடத்தில் அதை வாங்கி வளர்க்க உலர்ந்த பொருள் இல்லாததே வழக்கமான காரணம். ஆகவே பையில் முதலில் இடம் பெறவேண்டியது உலர்ந்த பொருள். மற்றதெல்லாம் பிறகு.

இதை வெறும் அபிப்பிராயமாக விடவேண்டியதில்லை. கணக்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு நெருப்புக்குச்சி அடிவரை எரிந்தால் ஏறக்குறைய 1 கிலோயூல் வெப்பம் வெளிவரும். சாதாரண வெப்பநிலையில் இருக்கும் 1 கிராம் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க 2.5 கிலோயூல் வேண்டும். அதாவது ஒரு குச்சியின் வெப்பம் முழுவதையும் சிந்தாமல் சிதறாமல் பிடித்தாலும் அரைக் கிராம் தண்ணீரைக்கூடப் போக்க முடியாது. அரைக் கிலோ எடையுள்ள ஈர விறகு ஒன்றில் 200 கிராம் தண்ணீர் இருப்பது பெரிய விஷயமல்ல. அதை உலர்த்துவதற்கு மட்டுமே 500 நெருப்புக்குச்சிகளின் வெப்பம் தேவை. தண்ணீர் போகும்வரை அந்த விறகு 100 பாகை செல்சியசுக்கு மேலே நகராது. மரம் பற்றுவதற்கோ ஏறக்குறைய 300 பாகை வேண்டும். இடையில் கிடக்கும் இந்தப் பள்ளத்தைப் பொறியின் சூட்டால் தாண்ட முடியாது. பொறிக்கோலின் பொறி 3000 பாகையைத் தொடும் என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அது பொய்யில்லை. அந்தப் பொறியின் எடை என்ன என்று கேட்டால்தான் விஷயம் வெளிவரும். ஒரு மணற்பருக்கையில் பாதிகூட இல்லாத துகளில் எவ்வளவு சூடு இருந்தாலும் அதிலுள்ள வெப்பத்தின் அளவு அற்பம்.

இந்தக் கணக்கை மறுபக்கமாகவும் ஓட்டிப் பார்க்கலாம். 1 கிராம் கற்பூரம் எரிந்தால் ஏறக்குறைய 38 கிலோயூல். ஆகக் கோயிலுக்கு வாங்கும் ஒரு சின்னக் கட்டி முப்பத்தெட்டு நெருப்புக்குச்சிகளுக்குச் சமம். எரிந்து தீர்ந்த மெழுகுதிரியின் அடிக்கட்டை 10 கிராம் இருந்தால் 400 குச்சிகளுக்கு மேல். நெருப்புக்குச்சி சில விநாடிகளில் விரலைச் சுட்டுவிடும். மெழுகுதிரிக் கட்டையோ அரை மணி நேரத்துக்கும் மேலாக அதே இடத்தில் நின்று சுள்ளியின் ஈரத்தை வாட்டும். தீமூட்டுபவனுக்கு வேண்டியது சூட்டின் உச்சமல்ல, அது நின்று பிடிக்கும் நேரம்.

ஈரம் என்றதும் நாம் மழையைத்தான் நினைக்கிறோம். காற்றிலுள்ள ஈரம் அதைவிடத் தந்திரமானது. மரம், பஞ்சு, தும்பு, ஓலை எல்லாம் காற்றோடு ஈரத்தை மாற்றிக்கொண்டே இருப்பவை. காற்றின் ஈரப்பதன் 60 சதவீதமாக இருந்தால் மரத்தில் நிற்கும் ஈரம் 11 சதவீதம் அளவில் இருக்கும். அதே மரம் 90 சதவீத ஈரக் காற்றில் சில நாட்கள் கிடந்தால் 20 சதவீதத்தை எட்டிவிடும். மழை ஒரு துளி படாமலே இது நடக்கும். மெல்லிய பஞ்சுக்கும் தும்புக்கும் நாட்கள்கூட வேண்டாம், ஓர் இரவு போதும். மூன்று பக்கமும் கடலும் ஒரு பக்கம் நீரேரியுமாகக் கிடக்கும் குடாநாட்டில் விடியற்காலைக் காற்று எப்படியிருக்கும் என்று கொடியில் கிடக்கும் துணியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். எனவே உலர்ந்த பொருளைத் தேடிப் பொறுக்குவது பாதி வேலை, அதை உலர்ந்தபடியே வைத்திருப்பது மீதி வேலை. பழைய தமிழர் இதை அறிந்தே இருந்தார்கள். தீக்கடையும் கோலை வீட்டு இறப்பில், கூரை ஓலைக்குள் செருகி வைக்கும் வழக்கத்தைப் புறநானூற்றின் 315ஆம் பாட்டில் ஔவையார் அதியமானுக்கு உவமையாக எடுத்தாள்கிறார். மழை படாத, கீழே அடுப்பின் புகையும் சூடும் ஏறிக்கொண்டிருக்கும் இடம் அது. வீட்டில் அதைவிட உலர்ந்த மூலை வேறில்லை. கார்த்திகையில் கோயில்களில் ஓலையால் கட்டிக் கொளுத்தும் சொக்கப்பனையும் இதையே காட்டுகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரைதான் யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு கொட்டுகிறது. அந்த மாரிக்கு நடுவில், திறந்த வெளியில், ஆளுயரத்துக்கு மேலே நிற்கும் ஒன்று நிமிடத்தில் கொழுந்துவிட்டு எரிகிறதென்றால், ஓலை முன்கூட்டியே நன்றாகக் காய்ந்திருப்பதும், அது காற்றோட்டமாகக் கட்டப்படுவதுமே காரணம்.

பொறிக் கருவிகளை விரைவாகவே முடித்துவிடலாம். சுவீடன் நாட்டவரான குஸ்தாவ் எரிக் பாஷ் 1844இல் காப்புரிமை பெற்ற ‘பாதுகாப்பு’ நெருப்புக்குச்சிதான் இன்றும் நம் வீடுகளில் இருப்பது. அதன் தலையில் பொற்றாசியங் குளோரேற்று, பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பொசுபரசு. இரண்டும் உரசினால்தான் பற்றும். எனவே குச்சிகளை மட்டும் பக்குவமாகப் பொதிந்து, பெட்டியை வியர்வையில் ஊறவிட்டால் ஒன்றும் நடக்காது. குளோரேற்று தண்ணீரில் கரைவதால், ஒருமுறை நனைந்த குச்சியை வெயிலில் காயவைத்தாலும் பழைய நிலைக்கு வருமென்று நம்பமுடியாது. லைட்டர் இதைவிடப் பல மடங்கு வசதி. ஆனால் உருளை நனைந்தால் பொறி வராது. மலைநாட்டு விடியற்குளிரில் பியூட்டேன் மந்தமாகத்தான் வாயுவாகும். அப்போது அதைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றவேண்டியிருக்கும். லைட்டரில் ‘கல்லு’ என்று நாம் சொல்வது உண்மையில் கல்லல்ல. 1903இல் ஒஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் காப்புரிமை பெற்ற உலோகக் கலவை அது. விலைகூடிய பொறிக்கோலும் அதே கலவைதான், கொஞ்சம் பெரிய துண்டு. வாயு தீர்ந்த லைட்டரும் பொறியடிக்கும்; அந்தப் பொறி உலர்ந்த பஞ்சில் விழுந்தால் பற்றும். இரண்டு மலிவான லைட்டர்களை வெவ்வேறு இடத்தில் வைத்திருப்பவருக்குப் பொறிக்கோல் கட்டாயமில்லை. சக்கிமுக்கிக் கல்லில் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: தெல்லிப்பழை மண்ணுக்கடியில் தோண்டத் தோண்டக் கல்தான், ஆனால் அது காங்கேசன்துறைச் சீமெந்துக்குப் போன சுண்ணாம்புக்கல். உருக்கைச் சுரண்டிப் பொறி பறக்கவிட அதற்குக் கடினம் போதாது. அதற்குக் குவார்ட்ஸ் போன்ற கடினமான கல் வேண்டும்.

கட்டையைக் கடைந்து நெருப்பெடுப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்து மயங்கியவர்களும் உண்டு. அரணி கடைந்து வேள்வித்தீ எடுக்கும் மரபு இன்றும் முற்றாக அழியவில்லை. கேரளத்துப் பாஞ்ஞாளில் 1975இல் நடந்த அதிராத்திர வேள்வியில் அப்படித்தான் தீ எடுத்தார்கள். ஆனால் அங்கே மரத்தைத் தெரிவதிலிருந்து கடைவது வரை எல்லாம் பழகிய கைகள், பாதுகாத்த கட்டைகள். நனைந்த காட்டில் முறித்த கொம்பை வைத்துக்கொண்டு பசியோடிருக்கும் ஒருவர் அதையே செய்யலாமென்று நினைப்பது வீண்.

இனி உள்ளே வைக்கவேண்டியது. இங்கேதான் பனையும் தென்னையும் நிற்கும் வளவுக்காரருக்கு அதிர்ஷ்டம். தென்னையின் பன்னாடையை எடுத்துக்கொள்ளுங்கள்: இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடி இடையிடையே காற்று புகும்படி இயற்கையே நெய்து வைத்திருக்கிறது. காய்ந்த பன்னாடை தீ பட்ட மாத்திரத்தில் பிடிக்கும். பொச்சு மட்டையைக் கையால் பிரித்தெடுக்கும் தும்பு அவ்வளவு வேகமாகச் சுடர்விடாது, ஆனால் பிடித்த தணலை விடாது. பெட்டிக்கடைத் தூணில் சுருட்டுக்காரருக்காகத் தும்புக் கயிறொன்று நாள் முழுதும் புகைந்துகொண்டு தொங்கியது இதனால்தான். பொறியை வாங்கத் தும்பு, சுடரை எழுப்பப் பன்னாடை என்று இரண்டும் சேர்ந்தால் நல்லது. அடுத்த படிக்கு ஈர்க்கு. பழைய விளக்குமாற்றிலிருந்து ஒரு பிடி உருவி, சாண் நீளத்தில் வெட்டிக் கட்டி வைத்தால், தீமூட்டும்போது எல்லோரும் தேடி அலையும் மெல்லிய சுள்ளி கைவசம் தயார். மெல்லியதாக இருப்பது ஏன் முக்கியமென்றால், ஒரே எடையுள்ள தடித்த விறகைவிட மெல்லிய குச்சிகளுக்குச் சூடு படும் மேற்பரப்பு பல மடங்கு அதிகம். உள்ளே சூடாக்கவேண்டிய பகுதியோ குறைவு. ஈர்க்குக்குப் பிறகு கிழித்த காவோலை, அதற்குப் பிறகு சிரட்டைத் துண்டு, பூரான் எடுத்த ஊமல். சிரட்டையும் ஊமலும் பிடிக்க நேரமெடுக்கும், பிடித்தால் கரியாகி நின்று கனலும். இவ்வளவையும் சுமக்கவேண்டுமா என்றால் வேண்டாம். தும்பும் பன்னாடையும் ஈர்க்கும் ஒரு தேத்தண்ணி வைக்கும் அளவுக்கு இருந்தால், மற்றதை வழியில் பொறுக்கலாம். அது ஓரளவு ஈரமாயிருந்தாலும் முதல் நெருப்பு அதை வாட்டி எடுத்துக்கொள்ளும்.

இவற்றுக்கு மேலே, ஈரத்துக்கு அஞ்சாத இரண்டு மூன்று பொருட்கள் வேண்டும். பாதயாத்திரைக்காரர் பையில் கற்பூரம் எப்படியும் இருக்கும், அது தண்ணீரில் மிதந்துகொண்டே எரியக்கூடியது. குறை என்னவென்றால் திறந்து வைத்தால் தானாகவே ஆவியாகிக் குறையும், பக்கத்திலிருக்கும் அரிசியெல்லாம் அதன் வாசம் பிடிக்கும், சிறுபிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டால் வலிப்பு வரை கொண்டுபோகும் நஞ்சு. தனியாக, இறுக மூடி வைக்கவேண்டும். மெழுகை உருக்கித் தும்பை அதில் தோய்த்து, உருண்டையாக்கி ஆறவிட்டால் மழையில் நனைந்தாலும் துடைத்துவிட்டுக் கொளுத்தலாம். மெழுகை நேரடியாக நெருப்பில் உருக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு ரின்னை வைத்து உருக்குவதே பாதுகாப்பு. வசிலின் பூசிய பஞ்சும் நல்லதே. தேங்காய் எண்ணெய்த் திரி வீட்டுக்கு உகந்தது. பைக்குள் ஊறி எல்லாவற்றையும் நனைக்கும். சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி வைத்திருந்தால் அதுவும் ஈரத்தில் நின்றெரியும், ஆனால் கரும்புகையோடு. சமையலுக்கு அதை அண்டவிடக்கூடாது. உயிர் போகும் அவசரத்துக்கு ஒரு துண்டு இருந்துவிட்டுப் போகட்டும்.

‘இத்தனை எதற்கு, ஒரு போத்தல் மண்ணெண்ணெய் ஊற்றினால் முடிந்தது’ என்பார்கள். இதற்குச் சரியான பதில் தெல்லிப்பழையின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 1990இல் போர் மூண்டு மின்சாரம் அற்றுப்போய், பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் பொன்போலான நாட்களில், இடம்பெயர்ந்தவர்களும் இருந்தவர்களுமாகக் குடாநாடு முழுதும் ஜாம் போத்தல் விளக்கில் வாழ்ந்தது. போத்தலின் அடியில் பஞ்சு, அது ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய், மெல்லிய திரி, காற்றை மறைக்கும் கண்ணாடிச் சுவர். அந்த ஏற்பாட்டில் எண்ணெய் தளும்பவில்லை, ஒரு கரண்டியும் வீணாகவில்லை, பிள்ளைகள் அதன் வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தார்கள். எண்ணெயைத் தாங்க ஒரு திரி வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஈர விறகில் ஊற்றிய மண்ணெண்ணெய்க்குத் திரி இல்லை. அது மேற்பரப்பில் ஆரவாரமாக எரிந்து தீரும், அடியிலுள்ள விறகு கறுத்து மட்டும் இருக்கும், பிறகு புகை. உடனே இரண்டாம் தரம் ஊற்றத் தோன்றும். சூடான தணலில் ஊற்றும் அந்த இரண்டாம் தரம்தான் ஆபத்து. பெற்றோலைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதன் ஆவி ஊற்றுபவரின் கையையும் முகத்தையும் தேடி வரும். மண்ணெண்ணெய்தான் வேண்டுமென்றால் தும்பில் ஊறவைத்து இறுக மூடிய சிறு போத்தலில் கொண்டுபோகலாம். அப்போதும் பஸ்ஸில் அதனோடு ஏறுவது சரியல்ல.

பொதியின் உறை எதுவென்றால், திருகுமூடியும் அகன்ற வாயும் உள்ள சாதாரண பிளாஸ்ரிக் போத்தல். உள்ளே போகும் தும்பையும் பன்னாடையையும் ஈர்க்கையும் சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டு, உச்சி வெயிலிலேயே அடைத்து மூடவேண்டும். மாலையில் எடுத்துவைத்தால் மாலைக் காற்றின் ஈரத்தையும் சேர்த்தே அடைத்ததாகும். நெருப்புக்குச்சிகள் சிறு குப்பியொன்றில், உரசும் பட்டையைக் கிழித்து அதனோடு, ஆனால் குச்சித் தலைகளில் படாதபடி தாளில் சுற்றி. ஒரு லைட்டர் போத்தலுக்குள், இன்னொன்று இடுப்புப் பையில். பை ஆற்றோடு போனாலும் ஆளோடு ஒன்று மிஞ்சவேண்டும். காட்டு வழியில் கும்புக்கன் ஓயா ஆற்றைக் கடக்கிறவர்களுக்கு இது வீண் கவலையில்லை. பொதியைக் கட்டி முடித்ததும் பரணில் போடாமல், மாரியில் ஒரு தூறல் நாளில் வளவில் வைத்து ஒரே குச்சியால் தண்ணீர் கொதிக்கவைத்துப் பார்ப்பது நல்லது. எது குறைகிறது என்று அப்போதுதான் தெரியும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு ஒரு குறிப்பு: கற்பூரம் விமானப் போக்குவரத்தில் எளிதில் தீப்பற்றும் திண்மம் என்று வகைப்படுத்தப்பட்டது. வந்திறங்கிய பிறகு ஊர்க் கடையில் வாங்கிக்கொள்வதே புத்தி.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. இந்தக் காலத்தில் வெளியில் நெருப்பே எதற்கு? கையடக்க வாயு அடுப்பு இருக்கிறது, அவலும் சீனியும் இருக்கிறது, கூடாரத்துக்கு முன்னால் எரியும் விறகில் பாதி புகைப்படத்துக்காகத்தான் எரிகிறது. இதில் நியாயம் இருக்கிறது. கரி படிந்த கல்லும் பாதி எரிந்த பிளாஸ்ரிக்கும் கிடக்கும் கடற்கரைகளைப் பார்த்தால் நியாயம் இன்னும் கூடும். சுற்றுலாவுக்கு வாயு அடுப்பே மேல் என்று ஒப்புக்கொள்ளவேண்டியதுதான். ஆனாலும் வாயு எப்போதும் கிடைக்குமென்ற நம்பிக்கை 2021இன் கடைசியிலும் 2022இலும் இந்த நாட்டில் எப்படி நொறுங்கியது என்பது மறந்திருக்காது. சிலிண்டர்கள் வெடித்ததும், பிறகு சிலிண்டரே இல்லாமற் போனதும், நகரத்து வீடுகளிலும் மூன்று கல் அடுப்பு திரும்பி வந்ததும் அண்மைய கதை. நனைந்து நடுங்கும் ஒருவருக்கு மலையில் உடனே சூடு வேண்டிய நேரமும் வரக்கூடும். போத்தலுக்குள் அடங்கும் இந்தப் பொதி அப்படிப்பட்ட நேரத்துக்கு. ஒவ்வொரு இரவும் எரிப்பதற்கென்று யாரும் இதைக் கட்டவேண்டாம்.

பாதயாத்திரை நடக்கும் பருவம் நாம் இதுவரை பேசிய ஈரத்துக்கு நேர் எதிரானது. ஆனி ஆடியில் கிழக்கும் தென்கிழக்கும் காய்ந்து வெடித்துக் கிடக்கும், கச்சான் காற்று அடிக்கும், காட்டில் புல்லே தும்புபோல் இருக்கும். அங்கே மூட்டுவது சுலபம், கட்டுக்குள் வைப்பதுதான் கடினம். குமணவும் யாலவும் தேசியப் பூங்காக்கள். கண்ட இடத்தில் நெருப்பு மூட்டச் சட்டம் இடம் தராது, யாத்திரிகர் தங்கக் காட்டிய இடங்களில்தான் அடுப்பு. ஆகவே தீமூட்டும் பொதியோடு அணைக்கும் பொதியும் ஒன்று போகவேண்டும். அது ஒரு சிறு மண்வெட்டியும் தண்ணீர்க் கலனும் மட்டும்தான். ஆற்று மணலில் குழி பறித்து, சுற்றிலும் இரண்டு பாகம் சருகு ஒதுக்கி, அதற்குள் மூட்டலாம். முடிந்ததும் மண்ணை மட்டும் போட்டு மூடிவிட்டுப் போவது பிழை. மண்ணுக்கடியில் ஊமலும் வேரும் மணிக்கணக்கில் கனன்று, காற்று புகுந்ததும் வெளிவரும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடில்லை என்றால் மூட்டையைத் தூக்கலாம்.